கழற்றிப் பார்ப்பவர்களுக்கு என்ன பரிசு தரலாம்?

ஆயுத பூஜையில் தொடங்கி தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஏறத்தாழ நான்கு மாதங்கள் நமக்குப் பரிசு வாங்கும் காலம். இணையக் கடைகள் தள்ளுபடி விற்பனையை அறிவிப்பதும் இந்த நாட்களில்தான். குழந்தைகளுக்குப் புதுத் துணி, பெரியவர்களுக்கு வேட்டி சேலை, அலுவலக நண்பர்களுக்கு முந்திரி பாதாம் பெட்டி என்று பெரும்பாலானவர்களுக்கு எதையாவது வாங்கிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு ஒருவர் இருப்பார். மிக்ஸி நின்றுபோனால் மெக்கானிக்கை அழைக்க மாட்டார். கவிழ்த்து வைத்து ஸ்குரு எங்கே என்று தேடுவார். புது ஸ்பீக்கர் வாங்கினால், பாட்டுக் கேட்பதற்கு முன் உள்ளே என்ன ஐ.சி. போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். "டூ இட் யுவர்செல்ப்" என்று ஆங்கிலத்தில் பெரிய பெயர் இருக்கிறது. நம் வீடுகளில் "எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பான்" என்று சொல்வார்கள். இவருக்கு என்ன வாங்கித் தருவது?

நான் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாப்ட்வேர் துறைக்கு வந்தவன். சம்பளம் தருவது ஜாவா. ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொள்வது சால்டரிங் அயர்ன். இது உறவினர்களுக்குத் தெரியும் என்பதால் அக்டோபர் மாதம் பிறந்தாலே போன் வரத் தொடங்கிவிடும். "தம்பி, பையன் எப்பப் பார்த்தாலும் ரிமோட்டைப் பிரிச்சுக்கிட்டே இருக்கான். ரோபோ செய்ற பெட்டின்னு ஒண்ணு விக்கிறாங்களாமே, வாங்கலாமா?" என்ற கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். போனில் பலமுறை சொன்ன பதிலைத்தான் இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். அவர் வேலை செய்யும் மேஜையைப் போய்ப் பாருங்கள். மேஜை என்று தனியாக இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் உள்ள அட்டைப் பெட்டியைப் பாருங்கள். மூன்று விஷயங்கள் கண்ணில் படும். எதை அவர் அடுத்தவரிடம் இரவல் வாங்குகிறார், எதற்குப் பதிலாக வேறு எதையோ வைத்துச் சமாளிக்கிறார், எது தீர்ந்துபோய்க் கிடக்கிறது. வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கிறார் என்றால் அவருக்கு ஒயர் ஸ்டிரிப்பர் வேண்டும். ஒரே ரெசிஸ்டரைப் பத்து முறை பிடுங்கிப் பிடுங்கி வேறு வேறு இடத்தில் பொருத்துகிறார் என்றால் அவரிடம் ரெசிஸ்டர் இல்லை. இந்த ஐந்து நிமிடப் பார்வை தரும் தகவலை எந்த விளம்பரமும் தராது. தானே செய்பவர், செய்து முடித்த பொருளுக்காக ஏங்குவதில்லை. செய்வதற்குத் தடையாக இருக்கும் சின்னச் சின்னக் குறைகள்தான் அவரை எரிச்சல்படுத்துகின்றன. அந்தக் குறைகளுக்கு அவர் தன் பணத்தைச் செலவு செய்யவும் தயங்குவார். "இன்னும் கொஞ்ச நாள் இதை வச்சே ஓட்டலாம்" என்பார். உங்கள் பரிசு அங்கே போய்ச் சேர வேண்டும்.

பெரிய பெட்டி வேண்டாம்

"37 சென்சார்கள் ஒரே பெட்டியில்" என்பது போன்ற கிட்கள் பார்க்க அழகாக இருக்கும். விலைக்கு நிறைய கிடைப்பது போலத் தோன்றும். ஆனால் அவற்றில் பாதி சென்சார்கள் ஒருமுறைகூடப் பிளாஸ்டிக் பையை விட்டு வெளியே வராது. ஏனென்றால் அவை எந்த வேலைக்காகவும் வாங்கப்பட்டவை அல்ல.

மதுரையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகனுக்கு உறவினர் ஒருவர் ரோபோ கார் கிட் வாங்கித் தந்தார். இரண்டே நாளில் படத்தைப் பார்த்து மாட்டி முடித்தான். கார் கூடத்தில் ஓடியது, சுவரில் முட்டியது, திரும்பியது. மூன்றாம் நாள் பீரோ மேல் ஏறிவிட்டது. வீட்டில் எல்லோரும் "இவ்வளவுதான் இவன் ஆர்வம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அடுத்த தீபாவளிக்கு நான் கொடுத்தது ஒரு சிறிய டப்பா. ஓர் ஆர்டுயினோ யூனோ போர்டு, ஒரு பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், சில எல்.இ.டி., ரெசிஸ்டர்கள், ஒரு பஸ்ஸர், தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று. கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். அவர்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். தண்ணீர் மட்டம் மேலே வந்ததும் சத்தம் கொடுக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து போன். சென்சார் வேலை செய்கிறது, ஆனால் நான்கு நாளில் செத்துவிட்டது, ஏன் சித்தப்பா?

அந்த "ஏன்" தான் முக்கியம். ஹெச்சி-எஸ்ஆர்04 என்னும் அந்தச் சென்சார் 2 செ.மீ. முதல் 400 செ.மீ. வரை அளக்கும். ஆனால் ஈரத்தைத் தாங்காது. மூடிய தொட்டிக்குள் எப்போதும் நீராவி இருக்கும். இதற்கென்றே நீர்புகாத வகை தனியாக உண்டு. ஆனால் அது மிக அருகில் உள்ள பொருளை, அதாவது சுமார் 20 செ.மீ.க்குள் இருப்பதைச் சரியாக அளக்காது. எனவே தொட்டியின் மூடியில் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும். இதையெல்லாம் அவன் தானே தேடிக் கண்டுபிடித்தான். ரோபோ காரில் இப்படி ஒரு கேள்வி எழ வாய்ப்பே இல்லை.

எனவே, பள்ளி மாணவர்களுக்கு வாங்கும்போது பொருளை விடவும் அதை வைத்துத் தீர்க்கக்கூடிய ஒரு வீட்டுப் பிரச்னையைச் சேர்த்துக் கொடுங்கள். தொட்டி, மாடித் தோட்டம், வாசல் விளக்கு என்று நம் வீடுகளில் பிரச்னைகளுக்கா பஞ்சம்? ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மோட்டாரை ஆன் ஆப் செய்வது போன்ற 230 வோல்ட் வேலைகள் சிறுவர்களுக்கு வேண்டாம். பஸ்ஸர் கத்தட்டும், சுவிட்சைப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

எந்த போர்டு?

இதில்தான் குழப்பம் அதிகம். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இன்றும் புதியவர்களுக்கு யூனோ போர்டையே பரிந்துரைக்கிறேன். தவறாக இணைத்தாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எந்தச் சந்தேகத்தைத் தேடினாலும் யாராவது முன்பே கேட்டிருப்பார்கள். இதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஒன்று என்பதால் குறைந்த விலையில் வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் போர்டுகளும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. பலவற்றில் சிஹெச்340 என்ற யு.எஸ்.பி. சிப் இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர் அந்த போர்டை அடையாளம் காணவில்லை என்றால் இதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்திட வேண்டும். போர்டு கெட்டுவிட்டது என்று குழந்தை அழுவதற்குள் நீங்களே இதனைச் செய்து வைத்துவிடுங்கள். யூனோ ஆர்3 வகைக்கு, பிரிண்டருக்குப் போடும் சதுர முனை யு.எஸ்.பி. கேபிள்தான் வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஏற்கனவே யூனோவில் விளையாடி முடித்தவர் என்றால் இஎஸ்பி32 போர்டு நல்ல பரிசு. வை-பி, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. பைத்தான் கற்றுக்கொள்பவருக்கு 2021 ஜனவரியில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ மிகவும் பொருத்தம். வெளியானபோது விலை 4 டாலர்தான். இவை இரண்டும் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. யூனோவுக்கு வாங்கிய 5 வோல்ட் சென்சார்களை அப்படியே இதில் மாட்டினால் போர்டின் பின் போய்விடக்கூடும்.

முழு ராஸ்பெரி பை வாங்குவதாக இருந்தால் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். ராஸ்பெரி பை 5, 2023-ல் வந்தது. மெமரி சிப்களின் விலையேற்றத்தால் 2025 இறுதியில் இதன் விலையும் ஏறியது. போர்டு மட்டும் வாங்கிக் கொடுத்தால் அது அலங்காரப் பொருள். 27 வாட் டைப்-சி பவர் சப்ளை, மைக்ரோ ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், மைக்ரோ எஸ்.டி. கார்டு, கூலர் எல்லாம் சேர்ந்தால்தான் கம்ப்யூட்டர். வழக்கமான போன் சார்ஜரில் இயங்கினாலும் யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்குத் தரும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். வெளியில் ஹார்ட் டிஸ்க் மாட்டினால் தகராறு செய்யும். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 2015-ல் ராஸ்பெரி பை ஜீரோ வெளியானபோது, அந்த நிறுவனத்தின் மேக்பை இதழின் அட்டையில் ஒரு முழு கம்ப்யூட்டரையே இலவசமாக ஒட்டிக் கொடுத்தார்கள். இதழுடன் சி.டி. இலவசமாகப் பெற்ற நமக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

மல்ட்டிமீட்டர்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

தானே செய்பவர்களுக்குத் தரக்கூடிய பரிசுகளில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றால், நல்ல மல்ட்டிமீட்டர் என்பேன். அவரிடம் ஏற்கனவே ஒன்று இருக்கும். சின்ன மஞ்சள் நிற மீட்டர், சில நூறு ரூபாய். பேட்டரி, எல்.இ.டி., ஆர்டுயினோ என்ற அளவில் அது போதும். ஆனால் அதே மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் ஸ்விட்ச் போர்டைத் திறக்கிறாரா என்று கவனியுங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மல்ட்டிமீட்டரில் சிவப்பு வயரைச் செருக இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று வோல்ட்டேஜ், ரெசிஸ்டன்ஸ் அளக்க. மற்றது 10 ஆம்பியர் வரை கரண்ட் அளக்க. கரண்ட் அளந்துவிட்டு வயரை மாற்றாமல் அப்படியே பிளக் பாயிண்டில் வைத்தால், மீட்டர் அந்த நேரத்தில் வெறும் செப்புக் கம்பி போலத்தான் நடந்துகொள்ளும். அதாவது நேரடி ஷார்ட் சர்க்யூட், உங்கள் கையில். நல்ல மீட்டரில் இந்த வழியில் மணல் நிரப்பிய செராமிக் பியூஸ் இருக்கும். அது உடனே அறுந்து பொறியை உள்ளேயே அணைத்துவிடும். மலிவான பல மீட்டர்களில் இந்தத் துளைக்குப் பியூஸே கிடையாது. "அன்பியூஸ்டு" என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு இப்படித்தான் புரோப் முனை உருகி விரலில் காயம் ஏற்பட்டது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்.

எனவே, வீட்டு வயரிங் தொடுபவருக்கு வாங்கும்போது கேட் III 600 வோல்ட் என்ற தரக்குறியீடு இருக்கிறதா எனப் பார்க்கவும். கேட் II என்பது பிளக்கில் மாட்டும் சாதனங்களுக்கு. கேட் III வீட்டின் நிரந்தர வயரிங், டிஸ்டிரிபியூஷன் போர்டு வரைக்கும். குறியீட்டை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் பெயர் தெரிந்த நிறுவனத்தின் மீட்டரையே வாங்குங்கள். இரண்டு துளைகளுக்கும் பியூஸ் உண்டா என்று கேளுங்கள். தானாக அளவெல்லையை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் வசதி, தொடர்பு இருந்தால் உடனே பீப் ஒலி எழுப்பும் கன்டினியுட்டி வசதி இரண்டும் அன்றாடம் உதவும். மற்றபடி வெப்பநிலை, ட்ரான்சிஸ்டர் சோதனை என்று நீளும் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மீட்டர்கள் ஏன் இத்தனை மஞ்சளாக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? ப்ளூக் நிறுவனம் அமெரிக்காவில் அந்த மஞ்சள், கருஞ்சாம்பல் நிறச் சேர்க்கையை டிரேட்மார்க்காகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. 2014-ல் ஸ்பார்க்பன் என்ற அமெரிக்க நிறுவனம் வரவழைத்த 2,000 மஞ்சள் மீட்டர்கள் இதனால் சுங்கத்துறையில் சிக்கிக்கொண்டன. நம் ஊர் கடைகளில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை.

சால்டரிங் அயர்ன், ஈயம், இன்ன பிற

25 வாட் சாதாரண அயர்ன் நம் ஊரில் பல தலைமுறைகளைப் பழக்கியிருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு நிறுத்தத் தெரியாது. ஆன் செய்து அரை மணி நேரம் ஆனால் பிட் கறுத்துவிடும். ஏற்கனவே சால்டர் செய்பவருக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அயர்ன் ஒன்றைக் கொடுத்தால் அந்த மகிழ்ச்சியை முகத்தில் பார்க்கலாம். இப்போது லேப்டாப்பின் டைப்-சி சார்ஜரிலேயே இயங்கும் பேனா அளவு அயர்ன்கள் வந்துவிட்டன. பைன்சில் அவற்றில் பெயர் பெற்றது. சில வினாடிகளில் சூடாகும், கீழே வைத்துவிட்டால் தானே ஆறிவிடும். பரிசு வாங்கும் முன் அவரிடம் 65 வாட் பி.டி. சார்ஜர் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் ஈயம் வாங்கிக் கொடுங்கள். கேலி இல்லை. பலரும் கடையில் கிடைத்த தடித்த சால்டர் வயரை வைத்துக்கொண்டு மல்லாடுகிறார்கள். 18 கேஜ் வயர் 1.2 மி.மீ. தடிமன், இன்றைய சிறிய பின்களுக்கு அது அதிகம். 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மி.மீ. வயர் ஒரு சுருள், கொஞ்சம் பிளக்ஸ், தவறான சால்டரை உறிஞ்சி எடுக்கும் செப்புப் பின்னல், பிட்டைத் துடைக்கும் பித்தளைச் சுருள். இந்த நான்கையும் சேர்த்துக் கொடுத்தால் பெட்டியைத் திறந்தவர் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். 60/40 வகை சால்டரில் காரீயம் உண்டு. வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். எழும் புகை பிளக்ஸ் புகை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஜன்னல் ஓரம் மேஜையைப் போடச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சால்டரிங் ஸ்டேஷன் வாங்கி வரச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப் அடாப்டரின் மேல் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும், எங்கும் மாட்டலாம். சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர் கன், டிரில் போன்றவை அப்படி இல்லை. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதை இங்கே பிளக் அடாப்டர் போட்டு மாட்டினால், இரு மடங்கு வோல்ட்டேஜில் முதல் நிமிடத்திலேயே புகைந்துவிடும். பிளக் அடாப்டர் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை அல்ல.

அத்தைக்கு ஸ்குரு டிரைவர்

பரிசு கேட்டு எனக்கு வரும் போன்கள் எல்லாமே பையனுக்கு, மாமாவுக்கு, வருங்கால மாப்பிள்ளைக்கு. ஆனால் நான் பார்த்தவர்களில் மிகத் திறமையானவர் திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தை. மிக்ஸி கப்ளர் மாற்றுவது, தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போடுவது, குழாய் வாஷர், டேபிள் பேன் கெபாசிட்டர் எல்லாம் அவர்தான். ஆயுதம் என்ன தெரியுமா? காய் நறுக்கும் கத்தியின் முனை. வீட்டில் டூல்ஸ் பெட்டி இல்லாமல் இல்லை. அது மாமாவுடையது, ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கும். நான் ஒரு ஸ்குரு டிரைவர் செட், கட்டிங் பிளேயர், லைன் டெஸ்டர் மூன்றையும் ஒரு துணிப் பையில் போட்டு, அத்தையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்றார். இப்போது அந்தப் பை சமையலறையில், அவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது. மாமா இரவல் கேட்டால் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததா என்று எண்ணிப் பார்க்கிறார்.

ஸ்குரு டிரைவரில் பார்க்க வேண்டியது முனைதான். மலிவான செட்டில் முனை வழுக்கி ஸ்குருவின் தலையைத் தின்றுவிடும். லேப்டாப், போன் பிரிப்பவருக்கு பிஎச்0, பிஎச்00 அளவுகளும் டார்க்ஸ் முனைகளும் உள்ள சிறிய செட் வேண்டும். ஐபோனுக்கு ஐந்து இதழ் வடிவ முனை தனி. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவருக்கு ஒரு பெட்டி நிறைய ஸ்குருக்கள் கொடுத்துப் பாருங்கள். பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு ஓர் அளவு, 2.5 அங்குல டிரைவுக்கு எம்3, எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு அரிசி போன்ற எம்2. அந்தக் கடைசி ஸ்குரு கீழே விழுந்து காணாமல் போய், செலோ டேப் போட்டு எஸ்.எஸ்.டி.யை ஒட்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்.

ஓய்வு பெற்றவர்களுக்கு

ஓய்வு பெற்ற பிறகு ரேடியோ, ஆம்ப்ளிபயர் என்று மீண்டும் உட்கார்ந்துவிடும் பெரியவர்கள் உண்டு. என் பெரியப்பா அப்படித்தான். இவர்களுக்குக் குறை டூல்ஸ் அல்ல, கண். இன்றைய நீல நிற ரெசிஸ்டர்களில் ஐந்து வண்ணக் கோடுகள். நீலத்தின் மேல் பழுப்பா, சிவப்பா, ஆரஞ்சா என்று இளவயதுக்காரர்களே திணறுவார்கள். சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு வைத்த, மேஜையில் கவ்வும் உருப்பெருக்கி லாம்ப் ஒன்று வாங்கித் தாருங்கள். அடுத்து, அறைகள் பிரித்த டப்பாக்கள். வீட்டில் மற்றவர்கள் "குப்பை" என்று சொல்வது பெரும்பாலும் அடுக்க இடமில்லாத பொருள்களைத்தான். டப்பாவில் லேபிள் ஒட்டி அடுக்கியதும் அதே பொருள்களை யாரும் குப்பை என்று சொல்வதில்லை.

அவருக்கு நான் கொடுத்தவற்றில் அதிகம் மகிழ்ந்தது, காசு கொடுத்து வாங்கியதே அல்ல. உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த, ஓடாத மர்பி வால்வ் ரேடியோ. மூன்று மாதம் அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓடாத பொருளையும் பரிசாகத் தரலாம். ஆனால் எதைத் தருகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வால்வ் ரேடியோ, பழைய பிக்சர் டியூப் டி.வி. ஆகியவற்றின் கெபாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பின்பும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை வடிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கொடுங்கள். மைக்ரோவேவ் அவனை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளையே கொல்லக்கூடியது.

பழைய லேப்டாப்புக்கு இன்னொரு வாழ்வு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசசர்களை ஏற்காது. இதனால் நன்றாக ஓடும் பல லேப்டாப்கள் வீடுகளில் மூலைக்குப் போய்விட்டன. கல்லூரியில் படிக்கும், கம்ப்யூட்டரை நோண்டும் ஆர்வம் உள்ள ஒருவருக்கு இது பொன் போன்ற பரிசு. உங்கள் டேட்டாவை முழுவதும் அழித்துவிட்டு, ஓர் எஸ்.எஸ்.டி.யுடன் கொடுங்கள். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொள்வார். எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா இடமா, எம்.2 இடமா, எம்.2 என்றால் சாட்டாவா என்.வி.எம்.இ.யா என்று உறுதி செய்துகொள்ளவும். ராம் சேர்ப்பதாக இருந்தால் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. பேட்டரி உப்பியிருந்தால் அதனைக் கழற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிட்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.

போலிகள்

தள்ளுபடி விற்பனை நாட்களில் இவை கூடுதலாகத் தலைகாட்டும். 18650 என்ற லித்தியம் செல் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது. அந்த அளவுக்குள் இன்று அடைக்க முடிவது ஏறக்குறைய 3,500 எம்.ஏ.ஹெச். தான். 9,900 என்று லேபிள் ஒட்டியிருந்தால் அந்தக் கடைக்காரரிடம் வேறு எதையும்கூட வாங்க வேண்டாம். மெமரி கார்டிலும் இதே கதை. 1 டி.பி. என்று காட்டும், உண்மையான அளவைத் தாண்டியதும் புதிய பைல்கள் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் மூலம் முழுக் கார்டிலும் எழுதிப் படித்துச் சோதித்துவிடலாம். பவர் அடாப்டர் என்றால் பி.ஐ.எஸ். பதிவு எண்ணைப் பாருங்கள். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் என்னும் அரசு ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் யாருடையது என்று காட்டும்.

சென்னையில் இருப்பவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றை ரிச்சி தெருவிலேயே வாங்கலாம். அண்ணா சாலையை ஒட்டி, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை மாலையில் நடக்கவே இடமிருக்காது. வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். "நல்ல மீட்டர் ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் அவர் விரும்பியதைத் தருவார். மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள், கவுண்டரிலேயே ஆன் செய்து பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் திரும்ப அனுப்பும் காலக்கெடுவைக் கவனியுங்கள். செப்டம்பர் விற்பனையில் வாங்கி தீபாவளி அன்று பிரித்தால் அந்தக் கெடு முடிந்திருக்கும். வந்த அன்றே சோதித்துவிட்டு மீண்டும் பேக் செய்து வையுங்கள்.

எந்த நாளில் கொடுப்பது என்று கேட்டால் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் என்பேன். புது டூல்ஸும் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் உட்காரும். அன்று எடுக்கக் கூடாது என்பதால் மறுநாள் விஜயதசமி காலையில் முதல் வேலையே அதில்தான் நடக்கும். பில்லையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். விலை தெரிந்துவிடுமே என்று கிழித்துப் போடுபவர்கள் உண்டு. வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.